விதியும் விலக்கும்

தமிழில் 'விதி' என்ற சொல்லை நாம் இரண்டு காரியங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். இலக்கண ஆசிரியர் சொல்வதும் விதி. இழவு வீட்டில் சொல்வதும் விதி. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததற்கு நம் முன்னோரின் சோம்பல் காரணமா, ஞானம் காரணமா என்பது எனக்கு வெகுநாளைய சந்தேகம். அந்தச் சந்தேகத்தை இப்போது மறுபடி கிளப்பிவிட்டிருப்பது ஒரு யந்திரம்.

2024-ஆம் வருஷத்து ரசாயன நோபல் பரிசில் ஒரு பாதி டேவிட் பேக்கருக்கும், மறுபாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் என்ற இருவருக்கும் போயிற்று. பின்னவர் இருவரும் கொண்டுவந்தது 'ஆல்ஃபாஃபோல்ட்'. யந்திரம் என்றேனே தவிர, அதில் பல்லும் சக்கரமும் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஒரு பெரிய கணக்கு அது. அது செய்கிற வேலையை என் கேள்வி ஞானத்தைக் கொண்டு சொல்லிவிடுகிறேன்.

புரதம் என்பது ஒரு சங்கிலி. அதில் கோக்கப்படுகிற அமினோ அமிலங்கள் இருபது வகை. அவற்றை இருபது எழுத்துக்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு புரதம் சில நூறு எழுத்து நீளமுள்ள ஒரே சொல். அந்தச் சொல் நீட்டி நிமிர்ந்து கிடப்பதில்லை. சுருண்டு, மடிந்து, தனக்கென்று ஓர் உருவம் எடுத்துக்கொள்கிறது. உருவம் எடுத்த பிறகுதான் அதற்கு வேலை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதும், தின்ற சோற்றைச் செரிக்கவைப்பதும், ஏலக்காய்க்குள் மணத்தைச் சமைப்பதும் அந்த உருவங்கள்தாம். எழுத்து வரிசையை வாசிப்பது இன்று எளிது. உருவத்தைக் காண்பதுதான் கஷ்டம். ஹீமோகுளோபினின் உருவத்தைக் காண மாக்ஸ் பெரூட்ஸுக்கு இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது. யந்திரமோ எழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, நாம் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் உருவத்தைச் சொல்லிவிடுகிறது. 2022-க்குள் இருபது கோடிக்கு மேற்பட்ட புரதங்களுக்கு அது உருவம் எழுதிவைத்துவிட்டது.

எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது! நம் ஊரில் இதற்குப் பழைய பெயர் உண்டு. தலையெழுத்து.

நான் இதை யோசிக்க ஆரம்பித்தது போடிநாயக்கனூரில். போடிக்கும் புரதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அங்கே தெருவில் நடந்தால் ஏலக்காய் மணம் சட்டையோடு வீட்டுக்கு வரும். ஏலம் விடுகிற இடத்தில் இப்போது குரல் கிடையாது. மாதிரிக் காயைத் தட்டில் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பித்தானை அழுத்துகிறார்கள். விடியுமுன்னே ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போகின்றன. மேலே, மரநிழலில், ஏலச்செடிகள்.

அந்தச் செடிக்கு ஒரு நோய் வருகிறது. தோட்டக்காரர்கள் 'கட்டே' என்பார்கள். இளம் இலையில் வெளிறிய கோடுகள் ஓடும். பிறகு வருஷத்துக்கு வருஷம் தூர் சிறுத்துக்கொண்டே போகும், காய்ப்பு விழும். வந்த செடிக்கு மருந்து இல்லை. பிடுங்கி அழிக்க வேண்டியதுதான். நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். அந்த வைரஸ் ஒரு நூல் மாதிரி இருக்கும். உள்ளே பாரம்பரியத்தைச் சுமக்கும் ஒரு சரம். வெளியே, ஒரே புரதம் திரும்பத் திரும்ப அடுக்கி நெய்த சட்டை.

மதுரை காமராசர் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அந்த வைரஸின் எழுத்துக்களில் ஒரு பகுதியை வாசித்து, சட்டைப் புரதத்தைத் தனியே ஒரு பாக்டீரியாவுக்குள் உண்டாக்கிப் பார்த்து, 2002-ல் அதைப் பற்றி எழுதினார்கள். அங்கே ஏலச்செடி இல்லை. வைரஸின் மற்ற உறுப்புகள் ஏதும் இல்லை. இருந்தும் அந்தப் புரதங்கள் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்து நூலாகத் திரண்டன. தையற்காரன் இல்லாத ஊரில் துணி தானே சட்டையாகிவிட்ட கதை. இதைக் கேட்ட ராத்திரி எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. எழுத்துக்குள் உருவம் இருக்கிறது என்பதை இதைவிடப் பச்சையாக எப்படிச் சொல்வது?

இதை முதலில் நிரூபித்தவர் அமெரிக்காவில் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். ஒரு புரதத்தின் மடிப்பையெல்லாம் ரசாயனத்தால் குலைத்துவிட்டு, ரசாயனத்தை நீக்கினார். அது தன் பழைய உருவத்துக்குத் தானே திரும்பி, பழைய வேலையையும் செய்தது. 1972-ல் அவருக்கு நோபல் பரிசு. ஆனால் சங்கிலி மடிய எத்தனை வழிகள் உண்டு என்று கணக்குப் போட்ட சைரஸ் லெவிந்தால், ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதாயிருந்தால் பிரபஞ்சத்தின் ஆயுளே போதாது என்று 1969-ல் சொன்னார். புரதமோ கண நேரத்தில் மடிந்துவிடுகிறது. எப்படி?

யந்திரம் இந்த 'எப்படி'க்குப் பதில் சொல்லவில்லை. அது பழைய வழக்குகளைப் படித்துப் படித்துத் தேறிய வக்கீலைப் போன்றது. 1971 முதல் உலகத்து விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகப் பாடுபட்டுக் கண்டுபிடித்துச் சேர்த்துவைத்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உருவங்கள் அதற்குப் பாடம். இன்னொரு யுக்தியும் உண்டு. ஒரே புரதம் பல ஜீவராசிகளில் சிறு சிறு வித்தியாசத்தோடு இருக்கும். அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கையில், ஓர் எழுத்து மாறும்போதெல்லாம் தொலைவிலுள்ள இன்னோர் எழுத்தும் சேர்ந்து மாறினால், மடிந்த உருவத்தில் அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று அது அனுமானிக்கிறது. குடித்தனத்தில் புருஷன் குணம் மாறினால் பெண்டாட்டி குணமும் கொஞ்சம் மாறித்தானே ஆக வேண்டும்? இந்த அனுமானம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பத்திரிகைகள் இதையெல்லாம் 'உயிரின் ரகசியம் உடைந்தது' என்று எழுதினபோதுதான் அலுப்பாயிருந்தது. ரகசியம் என்ற சொல்லை மலிவாக விற்பதில் நமக்குச் சலிப்பே வருவதில்லை.

யந்திரத்துக்கு வெகுகாலம் முன்னே, நம் சென்னையில் ஒருவர் இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்டார். கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் 1952-ல், முப்பதை ஒட்டிய வயதில், சென்னைப் பல்கலைக் கழகத்துப் பௌதிகத் துறைக்குத் தலைவராகி வந்தார். பெர்னால் என்ற விஞ்ஞானி சென்னைக்கு வந்தபோது, கொலாஜன் என்ற புரதத்தின் உருவம் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்றார். கொலாஜன் என்றால் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கட்டிக் காக்கும் புரதம். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதை எடுத்துக்கொண்டார்கள். கங்காருவின் வால் நாணையெல்லாம் வரவழைத்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார்கள். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு அது என்று 1954-ல், 1955-ல் எழுதினார்கள்.

உடனே கேம்பிரிட்ஜிலிருந்து ஆட்சேபம் வந்தது. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும், கயிறு சரிதான், ஆனால் இந்த உருவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். வேறொருவராயிருந்தால் ரோஷப்பட்டு ஒரு பதில் எழுதியிருப்பார். ராமச்சந்திரனுக்கு அந்த ஆட்சேபத்திலிருந்தே ஒரு கேள்வி பிறந்தது: 'அளவுக்கு மீறி' என்றால் எந்த அளவு? இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம்?

அதுவரை அறியப்பட்ட ஸ்படிகங்களிலெல்லாம் அணுக்களுக்கு இடையேயுள்ள தூரங்களைத் திரட்டினார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கீல்கள் உண்டு. அந்த இரண்டு கீல்களையும் ஒவ்வொரு கோணத்துக்கும் திருப்பினால் அணுவோடு அணு முட்டுகிறதா என்று கணக்குப் போட்டார்கள். மேசைக் கணக்கு யந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் போட்ட கணக்கு. 1963-ல் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவர் பேரிலும் அது அச்சாயிற்று. முடிவு ஒரு சதுரப் படம். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெற்றிடம். அங்கே போக முடியாது, முட்டும். மீதியில் மூன்று நான்கு தீவுகள். அங்கே போகலாம்.

போகலாம் என்றுதான் அந்தப் படம் சொல்கிறது. போகும் என்று சொல்லவில்லை. எந்தப் புரதத்தைப் பற்றியும் அது ஜோசியம் சொல்வதில்லை. எது கூடாது என்பதை மட்டும் காட்டிவிட்டு மௌனமாக இருக்கிறது. நம் இலக்கணக்காரர்கள் விதிக்கு எதிரே வைத்த சொல் ஒன்று உண்டே, விலக்கு! யந்திரம் விதி எழுதுகிறது. ராமச்சந்திரன் விலக்கு எழுதினார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை: இன்றைக்கும் யந்திரம் சொன்ன உருவமானாலும் மனிதன் கண்ட உருவமானாலும், அந்தச் சதுரத்தில் வைத்துச் சோதித்துத்தான் பார்க்கிறார்கள். வெற்றிடத்தில் அதிகம் விழுந்தால் சந்தேகப்படுகிறார்கள்.

இருபது எழுத்துக்களில் கிளைசின் என்று ஒன்று. மற்றவை ஒவ்வொன்றும் முதுகில் ஒரு மூட்டை சுமக்கும்போது, இதற்கு மூட்டை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. அதனால் மற்றவை முட்டிக்கொள்ளும் இடத்திலும் இது நுழைந்து போய்விடுகிறது. கொலாஜன் கயிற்றில் ஒவ்வொரு மூன்றாவது எழுத்தும் கிளைசின். கயிற்றின் நடுவில் வேறு எதற்கும் இடமில்லை. அங்கே ஒரே ஓர் இடத்தில் மூட்டைக்காரன் ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டால், எலும்பு தொட்டால் முறிகிற வியாதியோடு ஒரு குழந்தை பிறக்கலாம்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த விலக்குப் படத்தின் மேல் தனிப் பிரியம். ஒரு பாத்திரத்தை எனக்குத் தெரியும் என்று நான் எப்போது சொல்வேன்? அடுத்த அத்தியாயத்தில் அவள் என்ன செய்வாள் என்பது தெரிந்துவிட்டால் அந்த நாவல் செத்துவிட்டது. அவள் எதைச் செய்யவே மாட்டாள் என்பது தெரிந்தால் போதும், எழுதலாம். வீட்டிலும் அப்படித்தான். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினவரைக் கேளுங்கள். நாளைக்கு அவர் என்ன சொல்லுவாரென்று தெரியாது, ஆனால் இன்னதைச் சொல்லமாட்டார் என்பார்கள். நம்பிக்கை என்பதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

யந்திரத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். நம் ஜோசியர்களிடம் இல்லாத ஒரு குணம் அதனிடம் உண்டு. தான் வரைந்த உருவத்தில் எந்தப் பகுதியைத் தைரியமாகச் சொல்கிறது, எதைச் சந்தேகத்தோடு சொல்கிறது என்பதை வர்ணத்தால் காட்டிவிடுகிறது. நீலம் உறுதி, ஆரஞ்சு சந்தேகம். அந்த ஆரஞ்சுப் பகுதிகளில் பலவற்றுக்கு உண்மையிலேயே நிலையான உருவம் கிடையாதாம். இன்னொன்று வந்து தொடும்போதுதான் அவற்றுள் சில உருவம் எடுக்கின்றன; வேறொன்று தொட்டால் வேறு உருவம்கூட எடுக்கலாம். ராமச்சந்திரனும் தம் பிற்காலத்தில், 1980-களில், ஜைனர்களின் ஸ்யாத்வாதத்தைக் கணிதமாக எழுதிப் பார்ப்பதில் முனைந்திருந்தார். 'ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை' என்று பேசுகிற தர்க்கம் அது. போடியிலிருந்து உத்தமபாளையம் போகிறவர்கள் அங்கே குன்றில் சமண தீர்த்தங்கரர்களைப் பார்க்கலாம், பக்கத்திலே வட்டெழுத்து.

புரதத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் யந்திரத்தோடு எனக்கு வழக்கில்லை. பேச்சு அங்கே நிற்பதில்லை என்பதுதான் சங்கடம். 'எல்லாம் எழுத்திலேயே இருக்கிறதாம்' என்று விஞ்ஞானம் சொல்லிவிட்டதாக ஒரு படித்த நண்பர் என்னிடம் சந்தோஷப்பட்டார். தாம் ஏற்கனவே நம்பிவந்த ஒன்றுக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கிடைத்த சந்தோஷம். அவர் என்ன நம்பிவந்தார் என்பதை விவரிக்க வேண்டாம். பிறப்பைப் பார்த்து ஆளை எடைபோடுகிற எல்லோரும் நம்புவதுதான்.

போடியில் ஏலக்காய் பிரிக்கிற அம்மாள் ஒருத்தியை எனக்குத் தெரியும். பல வருஷம் மலையேறிக் காயெடுத்தவள். முழங்கால் விட்டுப்போன பிறகு கீழே உட்கார்ந்து தரம் பிரிக்கிறாள். பச்சை மாறாதது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். பேசிக்கொண்டே இருப்பாள், கை தப்பாது. அவள் மகன் எட்டாவது படிக்கையில், வாத்தியார் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, ஏலக்காட்டுக்குப் போகிற எழுத்துத்தான் இவன் மூஞ்சியில் எழுதியிருக்கிறது என்றாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்:

"எளுத்தப் போட்டவன் ஒருத்தன், படிக்கிறவன் ஒருத்தன். நடுவுல எம்புள்ள என்ன, காயிதமாய்யா?"

மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஜீப் ஓட்டுகிறான். தினமும் விடியற்காலையில் ஆளேற்றிக்கொண்டு ஏலக்காட்டுக்குத்தான் போகிறான். வாத்தியார் சொன்னது பலித்ததா, பொய்த்ததா? பொய்த்தது என்று அந்த அம்மாள் சத்தியம் பண்ணுகிறாள். ஸ்டீரிங் அவன் கையில் இருக்கிறது என்கிறாள்.

கட்டே நோயையே எடுத்துக்கொள்வோம். வைரஸின் சட்டை எழுத்துப்படி அமைகிறது, வாஸ்தவம். ஆனால் ஒரு தோட்டம் அழிவதும் பிழைப்பதும் அந்த எழுத்தில் இல்லை. நோய் கண்ட தூரைப் பக்கத்துத் தோட்டக்காரன் இந்த வருஷக் காய்க்கு ஆசைப்பட்டுப் பிடுங்காமல் விட்டால், அவனுடைய பூச்சி நம் தோட்டத்துக்கு வரும். அவனுடைய ஆசையை எந்த வரிசையில் வாசிப்பது?

ரத்தத்திலும் இப்படித்தான். ஹீமோகுளோபினில் பீட்டா என்ற சங்கிலிக்கு 146 எழுத்து. அதில் ஆறாவது எழுத்து ஒன்று மாறினால் அரிவாள் செல் சோகை என்ற கொடிய வியாதி வருகிறது. கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் 1956-57-ல் கண்டுபிடித்தது. நம் நீலகிரிப் பழங்குடிகளிடையே இது இருப்பதை 1952-லேயே பார்த்துச் சொல்லியிருந்தார்கள். விசித்திரம் என்னவென்றால், அந்த ஓர் எழுத்து மாறினதால் சங்கிலியின் மடிப்பு அநேகமாக மாறுவதில்லை. உருவத்தை மட்டும் பார்த்தால் நல்லதற்கும் கெட்டதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். பிராணவாயுவை இறக்கிவிட்ட பிறகு, பக்கத்திலிருக்கிற தன் ஜோடிகளோடு ஒட்டிக்கொண்டு நீளநீளமாக அடுக்கிக்கொள்கிறதே, அதில்தான் ஆபத்து. ரத்த அணு அரிவாளாக வளைகிறது. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த எழுத்து வந்தவருக்கு அநேகமாகத் தொந்தரவு இல்லை. மலேரியா மிகுந்த காட்டில் அது உயிரைக் காத்த எழுத்து. இருவரிடமிருந்தும் வந்தால்தான் வியாதி. இதைச் சாபம் என்பதா, வரம் என்பதா?

2023 ஜூலையில் இந்திய அரசு இந்த வியாதியை ஒழிக்க ஓர் இயக்கம் தொடங்கியது. பழங்குடிகள் வாழும் மாவட்டங்களில் ஏழு கோடிப் பேரின் ரத்தத்தைச் சோதிப்பது திட்டம். சோதித்தவருக்கு ஓர் அட்டை கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் பையன் அட்டையையும் பெண் அட்டையையும் சேர்த்துவைத்துப் பார்த்தால், பிறக்கிற பிள்ளைக்கு என்ன வரக்கூடும் என்று தெரியும். இருவரும் அந்த எழுத்தைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஜாதகம்தான், ஆனால் பொய்யில்லாத ஜாதகம். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பொய்யான ஜாதகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்களை நான் மெச்சி எழுதியிருக்கிறேன். மெய்யான ஜாதகத்தை என்ன செய்வது?

சோதிக்கவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வலியில் துடிக்கிற குழந்தையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வியாதியைச் சீக்கிரம் அறிந்தால் குழந்தையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அட்டை வேண்டும். அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் என் வழக்கு. நாலில் ஒன்று என்பதை விதியாகப் படித்தால், 'இவளைக் கட்டாதே' என்று ஊர் முடிவு கட்டிவிடும்; வெளிறிய கோட்டைக் கண்டதும் தூரைப் பிடுங்குகிற புத்தி மனிதர்கள்மேல் பாயும். அடுத்த தலைமுறையில் அந்தப் பெண்ணின் தங்கையையும், தங்கை மகளையும்கூட அட்டை கேட்காமலே ஒதுக்குவார்கள். விலக்காகப் படித்தால், இன்னது கவனம், மற்றது உங்கள் பாடு என்று அது நின்றுகொள்ளும். கட்டிக்கொண்டு பிள்ளை வேண்டாம் என்று இருப்பார்கள். அல்லது டாக்டரிடம் கேட்டுக்கொண்டு துணிவார்கள். அல்லது, இருவரும் யோசித்து, கண்ணீரோடு வேண்டாமென்று பிரிவார்கள். மூன்றும் அவர்கள் செய்த காரியமாக இருக்கும்.

ஆகவே அந்த அட்டை முதலில் அவர்கள் இருவர் கைக்குப் போக வேண்டும். பெரியப்பாவுக்கும் தரகருக்கும், வேலைக்கு ஆளெடுக்கிற கங்காணிக்கும் அதைக் காட்டும்படி ஒருவரும் கேட்கக்கூடாது. வருங்காலத்தில் இன்னும் நூறு வியாதிகளுக்கு, ஒருவேளை குணங்களுக்குக்கூட, இப்படி அட்டை எழுதலாம் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். குணத்துக்கு அட்டை எழுதுகிறவர் முதலில் போடிக்கு வந்து அந்த அம்மாளிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து காய் பிரிக்கட்டும். வெளுத்த காய் என்று அவள் ஒதுக்குவதிலும், உரித்துப் பார்த்தால், கறுத்த அரிசி மணத்தோடு இருப்பது உண்டு. அதையும் ஒரு விலைக்கு வாங்கிப் போகிறார்கள்.